ஏ மைனர் பாட்டில் ஈ மேஜர் எங்கிருந்து வருகிறது? கார்டு வகைகள் புரியவில்லை

பாலக்கோடு_கீபோர்டு:

வணக்கம். பாலக்கோடு, மாரண்டஹள்ளி பக்கம் திருவிழாக்களுக்கு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. வீடியோ பார்த்து விரல் வைக்கும் இடத்தை மனப்பாடம் செய்ததுதான். கார்டு என்றால் சேர்த்து அழுத்தும் கட்டைகள்: சி என்றால் இந்த மூன்று கட்டை, ஏ மைனர் என்றால் அந்த மூன்று கட்டை, அவ்வளவுதான் என் படிப்பு.

இரண்டு சந்தேகம். முதலாவது, ஒரே சி-க்கு மேஜர், மைனர், டிமினிஷ்டு, ஆக்மென்டட், சஸ் ஃபோர், செவன், மேஜர் செவன் என்று இத்தனை வகை எதற்கு? எதை வைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள்? மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

இரண்டாவது. ஆறு கட்டைச் சுருதியில் (அதாவது ஏ) ஒரு அம்மன் பாட்டு, ஏ மைனர். கார்டு ஷீட்டில் ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர் என்று போட்டிருக்கிறது. ஏ மைனர் ஸ்கேலில் எல்லாமே வெள்ளைக் கட்டைதானே? ஈ மேஜரில் ஜி ஷார்ப் என்று ஒரு கருப்புக் கட்டை வருகிறது. ஈ மைனர் வாசித்தால் ஸ்கேலுக்குள் இருக்கிறது, ஆனால் பல்லவிக்குத் திரும்பும் இடம் சப்பென்று போகிறது. ஈ மேஜர் போட்டால் சரியாக வந்து விழுகிறது. ஏன்?

அரூர்_டிரம்ஸ்:

சார்ட் ஒன்று பிரிண்ட் போட்டு ஸ்டாண்டில் ஒட்டிக்கொள் தம்பி. மேடையில் யோசிக்க ஏது நேரம்.

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

டிரம்ஸ்காரர் பேச்சைக் கேட்காதே. பாடகர் அரைக் கட்டை ஏற்றச் சொன்னால் ஒட்டிய சார்ட் வேலைக்கு ஆகாது.

கருப்பு, வெள்ளை பார்க்காமல் அடுத்தடுத்த கட்டை ஒவ்வொன்றையும் ஒன்று என்று எண்ணு. மேஜர் என்றால் தொடங்கும் கட்டையிலிருந்து நாலு தள்ளி ஒன்று, அங்கிருந்து மூன்று தள்ளி இன்னொன்று. சி-யிலிருந்து நாலு தள்ளினால் ஈ, அங்கிருந்து மூன்று தள்ளினால் ஜி. மைனரில் இதே கணக்கு திரும்பும்: முதலில் மூன்று, பிறகு நாலு. டிமினிஷ்டு என்றால் மூன்று, மூன்று. ஆக்மென்டட் என்றால் நாலு, நாலு. மூன்று ஸ்வரக் கார்டில் அடிப்படையானவை இந்த நாலுதான். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் கணக்கு மாறாது.

கிட்டாரில் இது கையிலேயே தெரியும். ஈ மேஜர் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டால் ஈ மைனர். ஜி ஷார்ப், ஜி ஆகிவிடும். மற்ற ஐந்து கம்பியிலும் ஈ, பி, ஈ, பி, ஈ மட்டும்தான். ஆறு கம்பி ஒன்றாக முழங்கினாலும் மேஜரா மைனரா என்று சொல்வது அந்த ஒரே கம்பி. அந்த ஸ்வரத்தையே விட்டுவிட்டு ஈ, பி மட்டும் வாசித்தால் அதற்குப் பெயர் பவர் கார்டு. அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும் ராக் ஆட்கள் அதைத்தான் விரும்புவார்கள், நடு ஸ்வரம் இருந்தால் அங்கே இரைச்சலாகிவிடும்.

பாலக்கோடு_கீபோர்டு:

அண்ணா, உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஏ-யிலிருந்து மூன்று, சி. அங்கிருந்து நாலு, ஈ. சரியாக வருகிறது. ஆனால் நான் வழக்கமாக சி மேஜரை ஜி, சி, ஈ என்றுதான் பிடிப்பேன், கை அதிகம் நகர வேண்டாம் என்று. அதை எண்ணினால் ஐந்து, நாலு வருகிறது. அப்போது அது வேறு வகையா?

காவேரிப்பட்டணம்_வயலின்:

வேறு வகை இல்லை, அதே சி மேஜர்தான். வரிசை மாறினால் வகை மாறாது. எண்ணுவதற்கு முன் மூன்று ஸ்வரத்தையும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிக்கொள்ள வேண்டும். சி, டி, ஈ, எஃப், ஜி வரிசையில் சி, ஈ, ஜி-தான் ஒன்று விட்டு ஒன்று. அப்படி அடுக்கியபின் அடியில் நிற்பதே மூல ஸ்வரம். கார்டுக்குப் பெயர் அதிலிருந்து வருகிறது.

நான் கர்நாடக சங்கீதம் கற்றவள், அதனால் இதை ஸ்வரமாகவே பார்ப்பேன். கார்டின் மூலத்தை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் என்பது ஸ, அந்தர காந்தாரம் (க3), ப. மைனர் என்பது ஸ, சாதாரண காந்தாரம் (க2), ப. மாறுவது காந்தாரம் மட்டும்தான், ஓசூர் தம்பி சொன்ன அந்த ஒற்றைக் கம்பி இதுவே. டிமினிஷ்டு வந்தால் பஞ்சமமே போய்விடும், அந்த இடத்தில் பிரதி மத்யமம்: ஸ, க2, ம2. ஆக்மென்டடில் பஞ்சமம் அரைப்படி (அடுத்த ஒரு கட்டை) மேலே ஏறி சுத்த தைவதம் ஆகும்: ஸ, க3, த1. பஞ்சமம் அசைந்ததும் கால் தரையில் படாத மாதிரி ஒரு உணர்வு வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

சஸ் என்று வந்தால் காந்தாரமே கிடையாது. சஸ் ஃபோரில் அதன் இடத்தில் சுத்த மத்யமம் (ஸ, ம1, ப), சஸ் டூவில் சதுஸ்ருதி ரிஷபம் (ஸ, ரி2, ப). காந்தாரம் இல்லாததால் காது எதற்கோ காத்திருக்கும். ம1 அரைப்படி இறங்கி க3-க்கு வந்ததும் நிம்மதி. மெல்லிசையில் பல்லவி முடியும் இடங்களில் இந்த இறக்கத்தை நிறையக் கேட்டிருப்பீர்கள்.

ஆக்மென்டட் பற்றி ஒன்று, எனக்குப் பிடித்த கணக்கு. நாலு, நாலு என்று போய் இன்னொரு நாலு போட்டால் மேல் ஸ வந்துவிடும். பன்னிரண்டு கட்டையும் சமமாக மூன்று பங்கு. அதனால் சி ஆக்மென்டடும் ஈ ஆக்மென்டடும் ஜி ஷார்ப் ஆக்மென்டடும் அதே மூன்று கட்டைகள்தான். கீபோர்டு முழுக்கத் தேடினாலும் வேறு வேறான ஆக்மென்டட் கார்டு நாலுதான் தேறும். டிமினிஷ்டு செவன் (மூன்று, மூன்று, மூன்று) என்றால் இன்னும் குறைவு, மூன்றே மூன்று. "பன்னிரண்டு கீயிலும் பழகு" என்று யாராவது பயமுறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை_பாஸ்:

எல்லாரும் காந்தாரத்துக்கு மாலை போட்டாச்சு. பாஸ்காரனையும் கொஞ்சம் கவனியுங்கள். தம்பி கீபோர்டில் சி, ஈ, ஜி பிடித்திருக்கும்போது நான் கீழே ஏ வாசித்தால் அது சி மேஜர் இல்லை, ஏ மைனர் செவன். கையை அவர் அசைக்கவே இல்லை, கார்டு மாறிவிட்டது. என்னிடம் சொல்லாமல் கார்டு மாற்றினால் நானும் சொல்லாமல் மாற்றுவேன்.

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

நடந்திருக்கிறது, மேடையிலேயே.

நாலு ஸ்வரக் கார்டு பேச்சு வந்ததால் தம்பி கேட்ட செவனையும் முடித்துவிடலாம், பலர் தடுமாறும் இடம் அது. சி7 என்று எழுதியிருந்தால் சி, ஈ, ஜி, பி ஃப்ளாட். சி மேஜர்7 என்றால் சி, ஈ, ஜி, பி. வெறும் 7 போட்டால் கைசிகி நிஷாதம் (நி2), மேஜர்7 என்று போட்டால் காகலி நிஷாதம் (நி3) என்று அக்கா பாஷையில் வைத்துக்கொள். பெயரில் இருக்கும் மைனர் என்ற சொல் காந்தாரத்தைக் காட்டும், 7-க்கு முன்னால் வரும் மேஜர் என்ற சொல் நிஷாதத்தைக் காட்டும். அதனால்தான் "சி மைனர் மேஜர் செவன்" என்று குழப்பமாக ஒரு பெயர் இருக்கிறது: க2, கூடவே நி3. துப்பறியும் படத்தின் கடைசிக் கார்டு போல ஒலிக்கும், வாசித்துப் பார்.

பாலக்கோடு_கீபோர்டு:

அப்படியானால் மேஜர் சந்தோஷம், மைனர் சோகம், டிமினிஷ்டு பயம் என்று வீடியோவில் சொல்வது சரிதானே?

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

பெரும்பாலும் சரி. நம்ம ராகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. மோகனம் ஸ, ரி2, க3, ப, த2. சிவரஞ்சனி ஸ, ரி2, க2, ப, த2. ஒரே ஒரு ஸ்வர வித்தியாசம். ஒன்று மங்களம், இன்னொன்று அழுகை.

காவேரிப்பட்டணம்_வயலின்:

உங்கள் உதாரணம் நல்ல உதாரணம், முடிவு மட்டும் அவசரம். ஆபேரியில் இருப்பதும் அதே சாதாரண காந்தாரம்தான். ஆபேரியில் எத்தனை துள்ளலான பாட்டுகள் கேட்டிருக்கிறோம்! நீலாம்பரியில் இருப்பது அந்தர காந்தாரம், அது தாலாட்டு ராகம், யாரும் அதற்குக் குதித்து ஆடுவதில்லை. வேகம், தாளம், எந்த ஸ்தாயியில் பாடுகிறார்கள், என்ன வாத்தியம் என்பதெல்லாம் சேர்ந்துதான் பாவம் வருகிறது. ஒரே ஏ மைனர் கார்டைப் பம்பை அடியோடு வாசித்தால் சாமி வந்துவிடும், மெதுவாக வயலினில் இழுத்தால் கண்ணீர் வரும்.

சிவரஞ்சனியில் அழுகை வருவதற்கு க2 மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. மோகனத்தில் த2-வை மூலமாக வைத்துக் கார்டு கட்டினால் த2, ஸ, க3. அது ஒரு மைனர், சி-யை ஸ என்று வைத்தால் ஏ மைனர். அதையே சிவரஞ்சனியில் கட்டினால் த2, ஸ, க2. எண்ணிப் பாருங்கள்: மூன்று, மூன்று. டிமினிஷ்டு! ஒரு காந்தாரத்தை இறக்கியதில் ஸ-வில் இருந்த மேஜர் மைனராயிற்று, த-வில் இருந்த மைனர் டிமினிஷ்டாயிற்று. த2-வுக்கும் க2-வுக்கும் நடுவில் இப்போது சரியாக ஆறு கட்டை, காதை உறுத்தும் தூரம். அந்த ராகத்தின் தவிப்பில் பாதி அங்கே இருக்கிறது.

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் ஓசூர் பெங்களூரு சாலையில் உள்ள எந்த ஸ்டுடியோவுக்குப் போய் "சோகமாக ஒன்று வாசி" என்றாலும் மைனரில்தான் ஆரம்பிப்பார்கள். அதையும் இல்லை என்று சொல்ல முடியாது.

காவேரிப்பட்டணம்_வயலின்:

பழக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கூத்து_ஆர்மோனியம்:

பென்னாகரம் பக்கம் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். கார்டு எல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஸ, ப இரண்டையும் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு பாட்டுக்குப் பின்னால் போவோம். அதனால் ஒரே இரவில் எந்த ராகத்துக்கும் தாவலாம். வேஷக்காரர் மேடைக்கு வரும்போது ஒரு ராகம், ஒப்பாரிக்கு ஒரு ராகம், பின்னால் பிடித்திருக்கும் ஸ, ப மட்டும் மாறாது. அதில் நீங்கள் க3-ஐப் போட்டு மேஜர் ஆக்கிவிட்டால், க2 வரும் ராகத்தில் பாடுகிறவர் தொண்டையில் முள் குத்தினாற்போல் ஆகிவிடும். கிட்டார் தம்பி சொன்ன பவர் கார்டு எங்கள் பெட்டியில் எப்போதோ இருக்கிறது.

ராகத்துக்குக் கார்டு போடுவதே எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்குமா? அசைந்துகொண்டே இருக்கும். அதன் அடியில் அசையாத கார்டு ஒன்றை வைத்தால் என்ன ஆகும்?

காவேரிப்பட்டணம்_வயலின்:

ஐயா சொல்வதில் தோடி பற்றிய பகுதிக்கு மறுப்பே இல்லை. கமகத்தால், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதால், வாழும் ராகங்களில் கார்டு போடுவது வீண் வேலை. ஆனால் கமகம் குறைந்த மெல்லிசைப் பாட்டுக்கு அது பொருந்தும். முத்துஸ்வாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்திருக்கிறார். அவற்றைக் கமகம் இல்லாமல்தான் பாடுகிறோம். அங்கே மேஜர் கார்டு அழகாக உட்காரும்.

இன்னொன்று. ஸ, ப-வில் காந்தாரம் இல்லை என்கிறீர்கள். நல்ல தம்புராவின் மந்தர ஸ கம்பியைச் சுருதி சேர்த்து மீட்டிக் கூர்ந்து கேளுங்கள், அந்தர காந்தாரம் தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். கம்பியின் மூல அதிர்வைப் போல் ஐந்து மடங்கு அதிரும் சீரிசை அது. மேஜர் கார்டின் மூன்று ஸ்வரங்களின் அதிர்வும் 4:5:6 என்ற விகிதத்தில் நிற்பதும் இதனால்தான். மேஜர் நிலையாகத் தோன்றுவதற்கு அந்த அளவில் இயற்கையின் ஆதரவு உண்டு.

ஆனால் கீபோர்டில் கேட்பது அந்தக் காந்தாரம் இல்லை. தம்புரா எழுப்புவது ஸ-விலிருந்து சுமார் 386 சென்ட் (கீபோர்டில் ஒரு கட்டைத் தூரம் 100 சென்ட்). பன்னிரண்டையும் சமமாகப் பிரித்த கீபோர்டில் க3 இருப்பது 400 சென்டில். 14 சென்ட் கூடுதல். வயலினில் நான் சுயம்பு காந்தாரத்தை வாசிக்க, பக்கத்தில் கீபோர்டு மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நெருடல் இருக்கும், நான்தான் விரலைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்வேன்.

கூத்து_ஆர்மோனியம்:

அந்த நெருடலைச் சொல்லித்தானே எங்கள் பெட்டியை 1940-ல் அகில இந்திய வானொலியில் தடை செய்தார்கள். கமகம் வராது, சுருதி சேராது என்று. 1971 வரை உள்ளே விடவில்லை. இன்று அதே சுருதிக் கணக்கில் ஓடும் கீபோர்டு இல்லாத கச்சேரி மேடை எத்தனை?

சரி, பையன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம்_வயலின்:

ஆமாம், அதற்கு வருவோம். பாலக்கோடு தம்பி, ஏ-யை ஸ என்று வையுங்கள். வெள்ளைக் கட்டை மட்டும் வாசித்தால் அது நடபைரவி: ஸ, ரி2, க2, ம1, ப, த1, நி2. இதில் ப-வை மூலமாக வைத்துக் கார்டு கட்டினால் ப, நி2, ரி2. அதாவது ஈ, ஜி, பி. எண்ணினால் மூன்று, நாலு: ஈ மைனர். நீங்கள் "ஸ்கேலுக்குள் இருக்கிறது" என்றது இதைத்தான்.

இப்போது நிஷாதத்தை மட்டும் காகலி ஆக்குங்கள். அது கீரவாணி. ப, நி3, ரி2. அதாவது ஈ, ஜி ஷார்ப், பி. நாலு, மூன்று: ஈ மேஜர். பாட்டு பெரும்பாலும் நடபைரவியில் போய்க்கொண்டிருந்து, பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் கீரவாணியின் நிஷாதத்தைக் கடன் வாங்குகிறது. நி2-வுக்கும் மேல் ஸ-வுக்கும் இடையில் இரண்டு கட்டை. நி3-க்கும் ஸ-வுக்கும் ஒன்றுதான். ஸ-வின் வாசலிலேயே நிற்கும் ஸ்வரம் அது, உள்ளே வராமல் இருக்காது. உங்களுக்குச் சப்பென்று போனதும் சரியாக விழுந்ததும் இந்த அரைப்படியால்தான்.

கவனிக்க வேண்டியது, இங்கே ஈ மேஜர் சந்தோஷத்துக்காக வரவில்லை. மைனர் பாட்டின் இறுக்கம் உச்சிக்குப் போகும் இடத்தில் வருவது ஒரு மேஜர் கார்டு. மேஜர் என்றால் சந்தோஷம் என்ற வீடியோவை இந்த ஒரு இடத்தை வைத்தே மறுக்கலாம்.

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

சரி அக்கா, தோற்றேன்.

தம்பி, ஷீட்டில் ஈ மேஜர் என்றிருந்தாலும் ஈ7 வாசித்துப் பார். கூடுதலாக டி வரும். ஜி ஷார்ப்புக்கும் டி-க்கும் நடுவில் அக்கா சொன்ன அதே ஆறு கட்டைத் தூரம். ஜி ஷார்ப் மேலே ஏ-க்குப் போகும், டி கீழே சி-க்கு இறங்கும். ஏ மைனரின் முதல் இரண்டு ஸ்வரமும் தயாராகக் கிடைத்துவிடும். அதற்குமேல் ஜி ஷார்ப் டிமினிஷ்டு செவன் (ஜி ஷார்ப், பி, டி, எஃப்) போட்டாலும் அதே இடத்துக்கு இழுக்கும், ஈ7-ல் ஈ-யை அரைப்படி ஏற்றி எஃப் ஆக்கியதுதான் அது. டிமினிஷ்டைப் பேய்ப் படத்துக்கு மட்டும் ஒதுக்காதே. இரண்டு கார்டுக்கு நடுவில் வழிவிடுவதற்குத்தான் அது அதிகம் உதவும்.

பாலக்கோடு_கீபோர்டு:

ஈ7 போட்டுப் பார்த்தேன். பாடகரே திரும்பிப் பார்த்தார்! ஜி ஷார்ப் டிமினிஷ்டு செவனும் போடலாம் என்றால் எனக்கு ஒரு தடங்கல். ஸ்டைல் (கீபோர்டே வாசிக்கும் பின்னணித் தாளம்) ஓடவிட்டு இடது கையில் சிங்கிள் ஃபிங்கர் முறையில்தான் வாசிக்கிறேன். யமஹா. அதில் டிமினிஷ்டு எப்படிப் போடுவது?

ஊத்தங்கரை_பாஸ்:

போட முடியாது. அந்த முறையில் ஒரு கட்டை அழுத்தினால் மேஜர், கூடவே இடப்பக்கம் ஒரு கருப்புக் கட்டை சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டை சேர்த்தால் செவன், இரண்டும் சேர்த்தால் மைனர் செவன். கதை அவ்வளவுதான். காசியோவில் கட்டைகளின் எண்ணிக்கையை வைத்து இதே நாலு வகை. ஃபிங்கர்டு முறைக்கு மாறு. கார்டை முழுசாக நீயே பிடிக்க வேண்டும், அது பிடித்ததை அடையாளம் கண்டு டிமினிஷ்டு, ஆக்மென்டட், சஸ் எல்லாம் வாசிக்கும். இடது கையில் ரொம்பக் கீழே மட்டும் பிடிக்காதே. அடி ஸ்தாயியில் க-வும் ஸ-வும் நெருங்கி ஒலித்தால் கூழாகிவிடும். அந்த இடம் எனக்கு.

பாலக்கோடு_கீபோர்டு:

மாறிவிட்டேன் அண்ணா. இதைச் சரிபாருங்கள். பாடகர் ஐந்தரைக் கட்டைச் சுருதிக்கு (ஜி ஷார்ப்) இறக்கச் சொன்னார். சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் தொடாமல் எண்ணி எழுதியிருக்கிறேன். ஸ கார்டு: ஜி ஷார்ப், பி, டி ஷார்ப், மைனர். ம கார்டு: சி ஷார்ப், ஈ, ஜி ஷார்ப், மைனர். ப கார்டு: டி ஷார்ப், ஜி, ஏ ஷார்ப், மேஜர். செவன் வேண்டுமென்றால் கூடவே சி ஷார்ப்.

காவேரிப்பட்டணம்_வயலின்:

எல்லாம் சரி. ப கார்டில் நீங்கள் ஜி என்று எழுதியதைப் புத்தகத்தில் எஃப் டபுள் ஷார்ப் என்று போட்டிருப்பார்கள், டி, எஃப், ஏ என்று ஒன்று விட்டு ஒன்றாக அடுக்க வேண்டும் என்பதற்காக. நம்மிடம் ரி3-யும் க2-வும் ஒரே கட்டையாக இருப்பது போலத்தான். விரல் போகும் இடம் ஒன்றே.

ஓசூர்_ஸ்ட்ரிங்ஸ்:

உங்கள் கிட்டாரிஸ்ட்டிடம் நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஈ மைனர், ஏ மைனர், பி7 வடிவம் பிடிக்கச் சொல். இதே மூன்று கார்டும் வந்துவிடும். டிரம்ஸ்காரருக்கு மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம்.

அரூர்_டிரம்ஸ்:

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.